நிறுத்தமும் தேர்ச்சியும்: பதிவு செய்யப்பட்ட விரிவுரையின் வரலாறு

பல்கலைக்கழக விரிவுரை நெடுங்காலம் சொன்ன மாத்திரத்தில் காற்றில் கரைந்துவிடும் ஒன்றாகவே இருந்தது. ஆசிரியர் பேசியதில் மாணவரின் நினைவிலும் குறிப்பேட்டிலும் தங்கியது மட்டுமே எஞ்சியது. அந்தப் பேச்சை முகத்தோடும் குரலோடும் கரும்பலகையோடும் நாடாவில் பிடித்துவைத்து, வேண்டும்போது மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வழி பிறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த எழுபது ஆண்டுகளிலும் கல்வியாளர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவந்திருக்கிறார்கள்: பதிவில் பாடம் கேட்கும் மாணவர் தேர்வில் மேம்படுகிறாரா, பின்தங்குகிறாரா? பதிவு தன்னளவில் மதிப்பெண்ணை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை என்பதே இந்த வரலாறு தரும் விடை. ஓடும் பாடத்தை நிறுத்தலாம் என்ற வசதி கேள்விக்கும் பயிற்சிக்கும் உரையாடலுக்கும் இடம் தந்த நிறுவனங்களில் தேர்ச்சி உயர்ந்தது. வகுப்பைத் தவிர்க்கவும் படிப்பைத் தள்ளிப்போடவும் மட்டுமே அது பயன்பட்டபோது, எல்லோருக்கும் முன்னதாகப் பின்தங்கிய மாணவரே இழப்பைச் சந்தித்தார்.

பேச்சைப் பிடித்துவைப்பது கற்றலுக்கு நன்மையா என்ற விவாதம் கருவிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் விரிவுரை என்பது ஆசிரியர் ஒரு மூலநூலை வாசித்து அதற்கு உரை சொல்வதாகும். தோல் ஏடுகளில் கையால் எழுதப்பட்ட நூல்கள் சாதாரண மாணவரின் கைக்கெட்டாத விலையில் இருந்தன. பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் பெற்ற நூல் வணிகர்கள், சரிபார்க்கப்பட்ட பிரதியைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் படியெடுப்பதற்கு வாடகைக்குக் கொடுத்துவந்தனர். இந்நிலையில், ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்வதே மாணவருக்கு ஆதாயமாகத் தோன்றியது. 1355-ஆம் ஆண்டு பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் இந்த வழக்கத்தைத் தடைசெய்து ஒரு விதி இயற்றியது. கேட்பவரின் மனம் பேச்சைப் பற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் கை அதை எழுதி முடிக்க இயலாத வேகத்தில் ஆசிரியர் பேச வேண்டும் என்று அது வரையறுத்தது. கூச்சலிட்டும் சீழ்க்கையடித்தும் கல்லெறிந்தும் இதை எதிர்க்கும் மாணவருக்குரிய தண்டனையும் அதே விதியில் இடம்பெற்றிருந்ததால், எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக எதிர்பார்க்கப்பட்டது என்பது விளங்கும். எழுதிவைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மாணவரின் கவனம் தளர்ந்துவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சினர். பேச்சு கைநழுவிப் போனால் தேர்வுக்கு எதைப் படிப்பது என்று மாணவர் அஞ்சினர். பிற்காலத்தில் காணொளி குறித்து எழுந்த வாதங்கள் யாவும் இவ்விரு அச்சங்களின் மறுபதிப்புகளே.

அச்சு வந்து நூல்கள் மலிந்த பின்னரும் விரிவுரை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாணவர் எண்ணிக்கை பெருகியபோது அதன் தேவை இன்னும் கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொலைக்காட்சியை நாடின. நியூயார்க் பல்கலைக்கழகமும் சி.பி.எஸ். நிறுவனமும் இணைந்து 1957-இல் தொடங்கிய 'சன்ரைஸ் செமஸ்டர்' நிகழ்ச்சி, அதிகாலையில் ஒப்பிலக்கியப் பாடத்தை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்து, கட்டணம் செலுத்தித் தேர்வெழுதியவர்களுக்குப் பட்டப்படிப்பு மதிப்பீட்டுப் புள்ளிகளையும் வழங்கியது. அடுத்த ஆண்டில் என்.பி.சி. நிறுவனம் இயற்பியல் பாடத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. இதற்குச் சற்று முன்னர், 1956-இல், ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒளிப்பதிவு நாடாக் கருவியை அறிமுகப்படுத்தியிருந்ததால், ஒருமுறை நடத்திய பாடத்தைப் பலமுறை ஒளிபரப்புவது சாத்தியமாயிற்று. ஆனால் அந்த நாடாவும் அதை ஓட்டும் பெரிய எந்திரமும் நிலையத்தின் வசமே இருந்தன. மாணவரைப் பொறுத்தவரை பாடம் வகுப்பறையில் போலவே குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் போயிற்று.

அந்த ஆண்டுகளிலேயே தேர்ச்சியை அளக்கும் முயற்சிகளும் பெருகின. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் உட்படப் பல நிறுவனங்கள், ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு நேரிலும் மற்றொரு குழுவுக்குத் தொலைக்காட்சி வழியாகவும் நடத்தி இரு குழுக்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டன. இத்தகைய 207 ஆய்வுகளில் இருந்த 421 ஒப்பீடுகளைக் காட்வின் சூ, வில்பர் ஷ்ராம் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் தொகுத்துப் பார்த்தபோது, 308 ஒப்பீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை; 63-இல் தொலைக்காட்சி மாணவரும் 50-இல் நேரடி வகுப்பு மாணவரும் முன்னின்றனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு என்பது புள்ளியியலில், தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு பெரிய இடைவெளியைக் குறிக்கும். தொலைக்காட்சியால் தீங்கில்லை என்று நிர்வாகிகள் இந்த முடிவை வரவேற்றனர். எனினும் இரு முறைகளிலும் மாணவர் செய்தது ஒரே செயல்தான்: ஒரு மணிநேரம் அசையாமல் அமர்ந்து, இடையில் நிறுத்த வழியின்றிக் கேட்டார்கள். செயல் மாறாதபோது பலன் மட்டும் மாறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சிறந்த விரிவுரையாளரைப் பதிவு செய்துவிட்டால் சிறந்த கற்றல் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அக்காலத்திலேயே ஒரு சோதனை நேர்ந்தது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1961 முதல் 1963 வரை கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை மாணவருக்கு நடத்திய இயற்பியல் விரிவுரைகள் ஒலிநாடாவில் பதிவாயின. கரும்பலகை ஒளிப்படமாக எடுக்கப்பட்டது. ராபர்ட் லெய்டனும் மேத்யூ சாண்ட்ஸும் அவற்றைத் திருத்தி மூன்று தொகுதிகளாக்கினர். உலகெங்கும் இயற்பியலாளர்கள் இன்றும் போற்றிப் படிக்கும் அந்த நூலின் முன்னுரையில், பெரும்பாலான மாணவர் தேர்வுக் கணக்குகளைக் கையாண்ட விதத்தைக் கண்டு, மாணவர் நோக்கில் தம் முயற்சி பெரிதாக வெற்றிபெறவில்லை என்று ஃபெய்ன்மனே வருத்தத்தோடு பதிவுசெய்தார். நல்ல ஆசிரியரும் ஒரு மாணவரும் நேருக்கு நேர் அமர்ந்து கருத்துகளை விவாதிக்கும் உறவுக்கு நிகரான கற்பித்தல் வேறில்லை என்பதும் அவருடைய முடிவு. உலகின் மிகச் சிறந்த விரிவுரைகளுள் ஒன்றே தேர்ச்சிக்கு உறுதி தரவில்லை என்றால், அதன் பதிவு மட்டும் எப்படித் தரும்?

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. அமைச்சர் ஜென்னி லீயின் விடாமுயற்சியால் 1969-இல் அரச சாசனம் பெற்ற அந்நிறுவனம், முன்தகுதி எதுவும் கேளாமல் 20,000-க்கும் மேற்பட்ட மாணவரை 1971-இல் சேர்த்துக்கொண்டது. 1971 ஜனவரி 3 அன்று பி.பி.சி. வழியாக அதன் முதல் பாடம் ஒளிபரப்பாகியது. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சிகளே பொதுமக்களின் நினைவில் நிற்கின்றன. ஆயினும் மாணவரின் தேர்ச்சியைத் தாங்கிநின்றவை அஞ்சலில் வந்த அச்சுப் பாடங்களும், வட்டாரப் பயிற்றுநர் திருத்தி விரிவான கருத்துரையுடன் திருப்பியனுப்பிய ஒப்படைகளும், கோடைக்காலத்தில் ஒருவார அளவில் நடந்த உறைவிடப் பள்ளிகளும் ஆகும். கேசட்டுக் கருவி வீடுகளுக்குள் வந்தபின் மாணவர் நிகழ்ச்சியைப் பதிந்துவைத்து, புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கத் தொடங்கினர். படிப்புக்காகவே தயாரித்த நிகழ்ச்சிகளை இரவுநேரத்தில் ஒளிபரப்பும் வழக்கம் 2006 டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

நிறுத்தத்தின் ஆற்றலைத் தெளிவாக மெய்ப்பித்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முயற்சியாகும். அப்பல்கலைக்கழகம் 1969 முதல், அருகிலுள்ள நிறுவனங்களில் பணிபுரிந்த பொறியாளருக்குத் தன் வகுப்புகளை நுண்ணலை ஒளிபரப்பின் மூலம் நேரலையாக அனுப்பிவந்தது; பணியிடத்தில் அமர்ந்தபடியே அவர்கள் ஒலியிணைப்பு வழியாக ஆசிரியரிடம் கேள்வி கேட்கவும் முடிந்தது. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் ஒரு பிரிவு, பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவிலுள்ள சாண்டா ரோசா நகருக்கு இடம்பெயர்ந்தபோது, முதுநிலைப் படிப்பைத் தொடர விரும்பிய பொறியாளர்கள் ஒளிபரப்பின் எல்லைக்கு வெளியே போய்விட்டனர். மின்பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் 1973-இல் இதற்குக் கண்ட தீர்வு மிக எளிமையானது. வகுப்பில் நடந்த விரிவுரையை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே நாடாவில் பதிந்து அனுப்புவது; மூன்று முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழு அதைச் சேர்ந்து பார்ப்பது; அக்குழுவோடு ஒரு துணைப் பயிற்றுநர் அமர்ந்திருப்பது. இதுவே துணைப் பயிற்றுநருடன் கூடிய காணொளிப் பயிற்றுமுறை எனப் பெயர்பெற்றது.

நடைமுறையில் அந்த அறையில் நடந்தது இதுதான். நாடா சில நிமிடங்கள் ஓடும். குழுவில் ஒருவர் புருவத்தைச் சுருக்கினாலோ கையை உயர்த்தினாலோ பயிற்றுநர் அதை நிறுத்துவார். யாரும் நிறுத்தச் சொல்லாவிட்டாலும் முக்கியமான ஒரு படிநிலை கடந்தவுடன் அவராகவே நிறுத்தி, இந்தச் சமன்பாட்டில் இந்த உறுப்பு ஏன் வந்தது என்பதுபோல ஒரு கேள்வியை எழுப்புவார். விடையை அவர் சொல்லமாட்டார். குழுவே விவாதித்துக் கண்டறியும். கண்டறிய முடியாததைக் குறித்துவைத்து ஆசிரியருக்கு அனுப்புவார்கள். பயிற்றுநர் அத்துறையில் கரைகண்டவராக இருக்க வேண்டியதில்லை, அதே நிறுவனத்தின் சக பொறியாளராக இருந்தாலே போதும். அளவுக்கு மீறிய புலமை கொண்டவர் நாடாவை நிறுத்திவிட்டுத் தாமே இரண்டாவது விரிவுரை நடத்தத் தொடங்கிவிடுகிறார் என்பதால், கேட்கவைக்கும் பண்புடையவரே இதற்கு ஏற்றவர் என்பது அனுபவத்தில் தெரியவந்தது.

முடிவுகளை கிப்பன்ஸும் அவருடைய சகாக்களும் 1977-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். அதே வீட்டுப்பாடத்தையும் அதே தேர்வுகளையும் எழுதிய சாண்டா ரோசாப் பொறியாளர்கள், ஸ்டான்ஃபோர்டு வகுப்பறையில் ஆசிரியர் எதிரில் அமர்ந்து அதே விரிவுரையைக் கேட்ட மாணவரைவிட உயர்ந்த தரப்புள்ளிகளைப் பெற்றிருந்தனர். அப்பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகுதியை எட்டாதவர்களும் இந்த முறையில் படித்துச் சிறந்து விளங்கினர் என்பது இன்னும் கவனத்துக்குரியது. பதிவு நேரடி வகுப்புக்கு ஈடாகுமா என்று இருபது ஆண்டுகளாக நடந்துவந்த வாதத்தில், பதிவு வகுப்பை விஞ்சவும் கூடும் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. விரிவுரை இரண்டு இடங்களிலும் ஒன்றேதான். ஓரிடத்தில் அது இடையறாமல் ஓடியது, மற்றோரிடத்தில் கேட்பவரின் தேவைக்காக நின்றது என்பதுதான் வேறுபாடு. இதன் பொருளை 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்னும் கல்வியியலாளர் பொதுமைப்படுத்தினார்: மளிகையைச் சுமந்துவரும் வண்டி எப்படி உணவின் சத்தைக் கூட்டுவதில்லையோ, அப்படியே ஊடகமும் கற்றலைக் கூட்டுவதில்லை, கற்பிக்கும் முறையே கூட்டுகிறது என்பது அவர் வாதம்.

இந்தியாவில் பதிவுப் பாடம் பல்கலைக்கழக மாணவரை எட்டியது 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாகத் தொடங்கிய நாடுதழுவிய வகுப்பறை என்னும் திட்டத்தின் மூலமாகும். சிறுநகரக் கல்லூரி மாணவரின் அறிவெல்லையை விரிவாக்குவது அதன் நோக்கம். ஆனால் அது எந்தப் பாடத்திட்டத்தையும் ஒட்டி அமையவில்லை, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தது, குறித்த நேரத்தில் மட்டுமே ஒளிபரப்பானது. ஆகவே தேர்ச்சியோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டாகவில்லை. இதே 1984-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றத் தொடங்கின. அடுத்த இருபது ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்காகப் பெருகியபோது, கட்டடமும் ஆய்வகமும் எழுந்த வேகத்துக்குத் தகுதிபெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை. நேற்றுப் பட்டம் பெற்றவரே இன்று பாடம் நடத்தும் நிலை பல கல்லூரிகளில் இருந்தது.

இந்தக் குறையைப் போக்கவே என்பிடெல் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம் உருவாயிற்று. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் நடுவண் அரசின் நிதியுடன் தொடங்கிய இத்திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் அப்போதைய இயக்குநர் எம்.எஸ். அனந்தும் முன்னணிப் பங்காற்றினர். கட்டடப் பொறியியல், கணினி அறிவியல், மின்பொறியியல், மின்னணுவியல், இயந்திரப் பொறியியல் ஆகிய துறைகளிலும் அடிப்படை அறிவியலிலும் ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ நாற்பது மணிநேர விரிவுரையாகப் பதிவாயிற்று. யூடியூப் வழியாக அவை எவருக்கும் இலவசமாகக் கிடைத்தன. இணைய வேகம் குறைந்த ஊர்களில் மாணவர் பதிவிறக்கிய கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றி விடுதி அறைகளில் பகிர்ந்துகொண்டனர். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்பில் அமர்ந்த மாணவருக்கு, ஒரு வாக்கியத்தை மூன்று முறை கேட்கலாம் என்ற வசதி முன்பு எந்த வகுப்பறையும் தராத ஒன்று.

இருப்பினும் திறந்த வெளியில் கிடந்த காணொளிகளால் மட்டும் தேர்ச்சி உயர்ந்துவிடாது என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்து, 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கினர். பாடம் வாரந்தோறும் வெளியாகும். ஒவ்வொரு வாரமும் கெடுநாளுக்குள் ஒப்படையை முடிக்க வேண்டும். பாடக்குழுவிடம் ஐயம் கேட்க இணைய மன்றம் உண்டு. இறுதியில் கண்காணிப்புடன் தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் ஒப்படைகளுக்கு 25 விழுக்காடும் மதிப்பளிக்கப்படும். கல்லூரிகளில் வட்டாரக் கிளைகள் அமைக்கப்பட்டு, மாணவரைப் பின்தொடர்ந்து ஊக்குவிக்கும் வழிகாட்டிகளாக அங்குள்ள ஆசிரியர்களே அமர்த்தப்பட்டனர். சாண்டா ரோசாவின் அந்தச் சிறு அறையில் ஒரு பயிற்றுநர் செய்த வேலையை, இந்தியாவின் பேரெண்ணிக்கைக்கு ஏற்ப வாரக் கெடுவாகவும் ஒப்படையாகவும் வழிகாட்டியாகவும் பிரித்துக்கொடுத்த ஏற்பாடு இது. அங்கு கிடைத்த நெருக்கம் இதில் முழுமையாக வந்துவிடவில்லை; இலவசமாகப் பெயர் பதிவோர் மிகப் பலராகவும் தேர்வுவரை வந்துசேர்வோர் அவர்களில் ஒரு சிறு பகுதியினராகவும் இருப்பதே அதைக் காட்டும்.

இதனிடையே, வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவருக்காகவே அன்றாட வகுப்புகளைத் தானியங்கிக் கருவிகளால் பதிந்து, அன்றே இணையத்தில் ஏற்றிவைக்கும் வழக்கம் 2000-க்குப் பின் பல நாடுகளில் பரவியது. தொலைவில் இருப்பவருக்காகப் பிறந்த பதிவு, வகுப்பறைக்கு அருகிலேயே இருப்பவரின் கைக்கும் வந்தபோது, வருகை குறையுமா என்ற புதிய கவலை தோன்றியது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் அடிப்படைப் பொருளியல் மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே ஆசிரியரின் விரிவுரையை ஒரு குழுவுக்கு நேரிலும் மற்றதற்கு இணையப் பதிவாகவும் அளித்து, டேவிட் ஃபிக்லியோவும் வேறு இருவரும் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. நேரடி வகுப்புக்குச் சாதகமாகக் கிடைத்த வேறுபாடு மொத்தத்தில் சிறியதே. ஆனால் முன்பு குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்கள், ஆண் மாணவர், ஹிஸ்பானிய வழிவந்தோர் ஆகியோரிடம் அது தெளிவாகத் தெரிந்தது. தேர்வு நெருங்கும்வரை காணொளிகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் இதற்கொரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருத்து.

2019-ஐ ஒட்டி வெளிவந்த இரு பிரித்தானிய ஆய்வுகள் இதை மேலும் தெளிவாக்கின. அவற்றுள் ஒன்று, பதிவு வசதி வந்தபின் வருகை குறைந்ததையும் வருகைக் குறைவு மதிப்பெண்ணைப் பாதித்ததையும், வகுப்புக்குத் தவறாமல் வந்தவர்களுக்கு மட்டும் பதிவு கூடுதல் பலன் தந்ததையும் கண்டது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு மாணவரையும் ஆராய்ந்த மற்றது, பதிவால் வருகை குறைந்ததற்குத் தக்க சான்று இல்லை என்றது. ஆயினும் முதலாண்டு மாணவருள் தேர்ந்தவர்களால் மட்டுமே விட்ட வகுப்பைப் பதிவின் துணையால் ஈடுகட்ட முடிந்தது, மற்றவர்களுக்கு வருகையே முதன்மை என்ற முடிவில் முந்தையதோடு நெருங்கிவந்தது. தானே திட்டமிட்டுப் படிக்கத் தெரிந்தவருக்குப் பதிவு துணையாகிறது. அந்தத் திறன் இன்னும் கைவராதவருக்குப் பதிவு தரும் சுதந்திரமே சுமையாகிறது.

கவனம் எங்கே சிதறுகிறது என்பதையும் இக்காலத்து ஆய்வுகள் அளந்தன. எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் தொடர்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்றது. அதற்கு முந்தைய ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள், 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சாராருக்குச் சிறு தேர்வு வைத்தனர். அவ்வாறு தேர்வெழுதியவர்களிடம் மனம் அலைபாய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் அவர்களே முந்தினர். பயிற்றுநர் கேள்வியெழுப்ப நாடாவை நிறுத்திய 1973-ஆம் ஆண்டு முறையின் பயன், கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் மீண்டும் உறுதியாயிற்று.

2020-இல் பெருந்தொற்று உலகெங்கும் வகுப்பறைகளை மூடியபோது பதிவுப் பாடம் வெகு விரைவில் பரவலான முறையாகிவிட்டது. வகுப்பறைகள் திறந்த பின்னரும் அது பல்கலைக்கழகங்களின் நிரந்தர அங்கமாக நீடிக்கிறது. இந்தியாவில் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடுவரை ஸ்வயம் என்னும் அரசின் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் மானியக் குழு விதி வகுத்திருப்பதால், இவ்வரலாற்றின் படிப்பினை இங்கு உடனடித் தேவையாகிறது. பதிவு இருக்கிறதே என்று ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்கும் கல்லூரி, முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்து கரையேற வேண்டிய மாணவரைத்தான் முதலில் கைவிடுகிறது. மாறாக, விரிவுரைக்குச் செலவாகும் வகுப்பு நேரத்தைப் பதிவுக்கு விட்டுவிட்டு, மிச்சமான நேரத்தில் சிறு குழுக்களோடு அமர்ந்து நிறுத்தவும் கேட்கவும் திருத்தவும் ஆசிரியரைப் பணிக்கும் கல்லூரி, அதே காணொளியைக் கொண்டு அதே மாணவரைத் தேர்ச்சிபெறச் செய்ய இயலும். பதிவுத் தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு திட்டமும், பதிவின் அருகே அமரும் மனிதருக்கும் ஊதியம் ஒதுக்க வேண்டும் என்பதே இந்த எழுபது ஆண்டு அனுபவம் முன்வைக்கும் கோரிக்கை.